ஓடுகிற மிஷின்

கம்பம் பள்ளத்தாக்கில் ஆனி பிறந்துவிட்டால் தண்ணீருக்கு என்ன குறை? லோயர் கேம்ப் வழியாகப் பெரியாற்றுத் தண்ணீர் இறங்கிவிடும். வாய்க்கால் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடும். நாற்றங்காலில் தண்ணீர், திராட்சைத் தோட்டத்துச் சொட்டுக் குழாயில் தண்ணீர், இது போதாதென்று மலையிலிருந்து காற்றோடு வந்து முகத்தில் அடிக்கிற சாரல் வேறு. இத்தனைக்கும் நடுவில் ஈஸ்வரபாண்டிக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான். விடிந்ததும் மாரீஸ்வரி அதை ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து அடுப்படி ஜன்னலில் வைத்துவிடுவாள். காபியும் அதற்குள், கஞ்சியும் அதற்குள், மாத்திரை விழுங்குவதும் அதற்குள்.

புருஷனுக்குத் தண்ணீர் அளந்து ஊற்றுகிற பெண்டாட்டி இந்த ஊரிலேயே தான் ஒருத்திதான் என்று அவள் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். சிரித்துவிட்டு உள்ளே வந்து பாத்திரங்களைப் போட்டு உருட்டுவாள்.

அவனுக்கு இரண்டு கிட்னியும் போய் இரண்டு வருஷமாகிறது. சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து செய்த வேலை. அதற்கு முன்னால் இருபத்தைந்து வருஷம், தலைமடைப்பட்டி வட்டாரத்தில் எந்த போர்வெல்லில் மோட்டார் நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய காயிலை வெட்டி எடுத்து, புதுக்கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து ஓடவிட்டுத்தான் சாப்பிட உட்காருவான். இப்போது இடது கையில் முழங்கைக்குக் கீழே டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இரண்டு ரத்தக் குழாயைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அங்கே காதை வைத்தால் வாய்க்கால் ஓடுகிற சத்தம் கேட்கும். அந்தக் கையால் கனம் தூக்கக் கூடாது. வாரத்துக்கு மூன்று தரம், நாலு மணி நேரம் மிஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு தரம் தவறினால் கால் வீங்கும். இரண்டு தரம் தவறினால் மூச்சு வாங்கும். மூன்றாவது தரத்தைப் பற்றி டாக்டர்கள் பேசுவதில்லை.

முதல் வருஷம் முழுக்க க.விலக்கு பெரியாஸ்பத்திரிக்குத்தான் போனார்கள். முதல் பஸ்ஸைப் பிடித்து உத்தமபாளையம், சின்னமனூர், தேனி, அதற்கு அப்பால் இன்னும் ஒரு பஸ். மிஷினை விட்டு இறங்கியவனுக்குக் கால் தரையில் பாவாது. அந்த மனுஷனைத் தோளில் சாய்த்துக்கொண்டு திரும்ப அத்தனை தூரம். ஒரு நாள் சின்னமனூர் தாண்டியதும் கண் சொருகிவிட்டான். கண்டக்டர்தான் பின்சீட்டைக் காலி பண்ணிப் படுக்கவைத்து விசிறினார். மாரீஸ்வரி திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டுகிறவள். வாரத்தில் மூன்று நாள் வராத ஆளை எந்தத் தோட்டக்காரர் வைத்துக்கொள்வார்? வைத்துக்கொண்டவர்களும் மூஞ்சியைச் சுளித்தார்கள்.

அப்போதுதான் தலைமடைப்பட்டி அரசு ஆஸ்பத்திரிக்கு டெல்லித் திட்டத்தில் நாலு டயாலிசிஸ் மிஷின் வந்து இறங்கியது. பந்தல் போட்டு, ரிப்பன் வெட்டி, வந்தவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தார்கள். லட்டு ஈஸ்வரபாண்டிக்கு ஆகாது. அவனுடையதையும் சேர்த்து மாரீஸ்வரியே தின்றாள். அன்றைக்கு அது இனித்தது. வீட்டிலிருந்து பொடிநடையாகப் போகிற தூரத்தில் மிஷின். போடி பஜாரில் பாத்திரக் கடை வைத்திருப்பவர் மகள் ஜெபா என்ற பெண்ணை டெக்னீசியனாக ஒப்பந்தத்தில் போட்டிருந்தார்கள். ஊசி போட்டது தெரியாமல் போடுவாள். எட்டு நோயாளிகள், இரண்டு ஷிப்டு. ஒன்பது மாதம் ஒரு குறையும் இல்லை.

மாசியில், மிஷினுக்குத் தண்ணீரைச் சுத்தப்படுத்தி அனுப்புகிற பிளான்ட்டில் மோட்டார் எரிந்தது. உள்ளே தண்ணீரை வடிகட்டுகிற மெம்பரேனும் அடைத்துக்கொண்டது. தண்ணீர் இல்லாமல் மிஷின் என்ன செய்யும்? பிளாஸ்டிக் உறையைப் போர்த்திக்கொண்டு நின்றது. டாக்டர் சசிதரன் மேலே கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. பங்குனியோடு ஜெபாவின் ஒப்பந்தமும் முடிந்தது. புதுப்பித்து உத்தரவு வரவில்லை.

என்னதான் சங்கதி என்று மாரீஸ்வரி டாக்டரிடமே கேட்டாள். நல்ல மனுஷர்தான். மூன்று டாக்டர் பார்க்க வேண்டிய கூட்டத்தை ஒற்றை ஆளாகப் பார்க்கிறவர். மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டே சொன்னார். மிஷின் வாங்குகிற பணம் வேறு தலைப்பு, அதை ஓட்டுகிற பணம் வேறு தலைப்பு. ஓட்டுகிற பணத்தில் அறுபது பங்கு டெல்லி, நாற்பது பங்கு நம் அரசாங்கம். அறுபது வந்தால்தான் நாற்பது அசையும். போன வருஷத்துக் காகிதம் ஏதோ சரியில்லை என்று அந்த அறுபதை அங்கே நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

"அப்ப மோட்டாரு வாங்கிக் குடுத்துட்டு வயரு குடுக்க மாட்டேங்கிறாக" என்றாள் மாரீஸ்வரி.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அப்படியும் சொல்லலாம் என்றார்.

எட்டுப் பேரும் மறுபடி க.விலக்கு பஸ் ஏறினார்கள். அதில் மொக்கம்மாள் என்று ஒருத்தி. மகன் திருப்பூரில் இருந்தான், கூட வர ஆளில்லை. போகிற வழியில் மாரீஸ்வரியோ வேறு யாரோ கைத்தாங்கலாக ஏற்றிவிட்டால்தான் உண்டு. சித்திரையில் அவள் இரண்டு தரம் பஸ்ஸுக்கு வரவில்லை. மூன்றாவது தரம் அவளைத் தேடிப் போன ஆள், மாலை வாங்கத் திரும்பி வந்தார். சீக்கு முற்றிப் போய்விட்டாள் என்று ஊரில் சொன்னார்கள். மாரீஸ்வரிக்கு அதைக் கேட்கப் பொறுக்கவில்லை. அவளைக் கொன்றது சீக்கா? பிளாஸ்டிக் உறை போர்த்தி நாலு மிஷின் சும்மா நிற்கிற ஊரில் அவள் எதற்காகச் சாக வேண்டும்?

துட்டி வீட்டிலிருந்து திரும்பி வருகிற வழியிலேயே ஈஸ்வரபாண்டி ஆஸ்பத்திரிக்குள் நுழைந்துவிட்டான். பின்பக்கம் தகரக் கொட்டகைக்குள் போய் அந்த மோட்டாரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். இது எல்லாம் ஒரு மோட்டாரா, மூன்று நாள் கொடுத்தால் காயில் கட்டி ஓடவிடுகிறேன் என்றான். டாக்டர் பயந்தார். பிறகு, எனக்குத் தெரியாமல் நடந்ததாக இருக்கட்டும் என்று கொட்டகைச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வார்டுக்குப் போய்விட்டார்.

உத்தமபாளையத்தில் பைப்புக் கடை வைத்திருக்கிற வைகுண்டராஜ் அண்ணாச்சியும் அந்த எட்டில் ஒருவர். அவர் மதுரையில் சொல்லிவைத்து மெம்பரேனை வரவழைத்தார். எட்டில் இன்னொருவரான திராட்சை விவசாயி அம்மாவாசி தன் தோட்டத்துக் கேட்வால்வைக் கழற்றிக்கொண்டு வந்து, இது ஆகுமா என்று நின்றார். ஆகாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஆனாலும் மூன்று நாளும் அவர் கொட்டகையை விட்டு நகரவில்லை. ஈஸ்வரபாண்டி சாக்கை விரித்து உட்கார்ந்து கம்பி சுற்றினான். இடது கை தூக்க வேண்டிய கனத்தையெல்லாம் மாரீஸ்வரி தூக்கினாள். டார்ச் பிடித்தாள், ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள். எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்த வால்வைத் திருகினால் எது நிற்கும் என்பதெல்லாம் அவளுக்கு அப்படிப் பழக்கமானதுதான்.

மோட்டார் ஓடியது. கூப்பிட்டனுப்பியதும் வந்த ஜெபா தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சோதித்தாள். டாக்டர் தண்ணீர் மாதிரியை லேபுக்கு அனுப்பி, சரியாக இருக்கிறது என்று சீட்டு வந்த பிறகுதான் முதல் ஊசி போட்டார்கள். ஈஸ்வரபாண்டிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பேப்பரில் படம் வந்தது. பொன்னாடையை அவன் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டான். வருகிறவர்கள் கேட்காவிட்டாலும் அந்தப் பக்கம் பார்ப்பான்.

ஜெபாவுக்கு உத்தரவு இல்லை, சம்பளம் இல்லை. தான் வராவிட்டால் ஏழு பேரும் பஸ் ஏற வேண்டும் என்று போடியிலிருந்து தினமும் வந்துகொண்டிருந்தாள். இந்தக் காலத்தில் அப்படி ஒரு பெண்.

ஆடி பிறந்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை. கொட்டகைத் தகரத்தைக் காற்று பிய்த்துக்கொண்டிருந்தது. மிஷினில் படுத்திருந்த ஈஸ்வரபாண்டி கண்ணயர்ந்துவிட்டான். மாரீஸ்வரி அவன் காலடியில் உட்கார்ந்திருந்தாள். ஜெபா பக்கத்தில் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"அக்கா, நான் இந்த மாசத்தோட நின்னுக்கிறேன்."

"என்ன பாப்பா சொல்ற?"

"கட்டப்பனையில பிரைவேட்டு ஆஸ்பத்திரியில எடுத்துருக்காக. அப்பா எம்புட்டு நாளைக்குத்தான் பஸ்ஸுக்குக் காசு குடுப்பாரு? வீட்டுல சத்தம் போடுறாக."

மாரீஸ்வரிக்கு அவளைப் போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. உன் வேலைக்கு உத்தரவு வரும் என்று டாக்டர் சொன்னாரே என்றாள். ஜெபா செல்போனை எடுத்துக் காட்டினாள். மாரீஸ்வரிக்கு அதிலிருந்த இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஜெபாதான் விரல் வைத்துச் சொன்னாள். மாதாமாதம் மேலே அனுப்புகிற படிவம் அது. மிஷின் ஓடுகிறதா என்று ஒரு கேள்வி. ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம். வைகாசியில் மோட்டார் ஓடியதும் ஜெபா ஆம் என்று குறித்து அனுப்பினாள். அவ்வளவுதான். புது மோட்டார் கேட்டு எழுதியது, பிளான்ட்டைப் பராமரிக்க ஆள் கேட்டு எழுதியது எல்லாவற்றையும் தேவை முடிந்தது என்று மூடிவிட்டார்கள். ஓடுகிற மிஷினுக்கு எதற்குப் பணம்? டெக்னீசியன் பதவி இன்னும் விசேஷம். பங்குனியிலிருந்து கணக்குப்படி அந்த நாற்காலியில் ஆளே இல்லை, மிஷினோ ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே ஆள் தேவையில்லை என்று முடிவு கட்டி, அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள்.

"நீ ஏன் பாப்பா ஆமான்னு போட்ட?"

"ஓடுச்சேக்கா. ஓடுறத ஓடலன்னு எப்பிடிப் போடுவேன்?"

"எங்க வீட்டுக்காரரு ஒட்டுப் போட்டு ஓடுது, நீ சோத்துக்கு இல்லாம ஓட்டுறன்னு எழுத வேண்டியதுதான?"

"அதுக்குக் கட்டமில்லக்கா. ரெண்டே கட்டந்தான்."

மாரீஸ்வரி திரும்பிப் பார்த்தாள். எதிரே மிஷினில் புருஷனுடைய ரத்தம் குழாயில் போய்க் குழாயில் வந்துகொண்டிருந்தது. நாமே முதுகு ஒடிய வேலை பார்த்து நம் தலையிலேயே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம் என்று அவளுக்கு விளங்கியது. அன்றைக்கு மொக்கம்மாளோடு நிறுத்தாமல் எட்டுப் பேரும் வரிசையாகச் செத்திருந்தால் பணம் வந்திருக்குமோ என்னவோ. பிழைத்துக்கிடந்ததுதான் தப்பாகப் போயிற்று.

ஷிப்டு முடிந்ததும் டாக்டரிடம் போனாள். அவர் அவளைப் பார்த்ததும் தானே ஆரம்பித்தார். வியாழக்கிழமை டெல்லியிலிருந்து ஆய்வுக்குழு வருகிறது. மாவட்ட அதிகாரி கூட்டி வருகிறார். மக்களே சேர்ந்து மிஷினை ஓட்டுகிற முன்மாதிரி ஆஸ்பத்திரி என்று நம்மைக் காட்டப்போகிறார்கள். ஈஸ்வரபாண்டி நல்ல சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஸ்பேனரோடு அந்தப் பிளான்ட் பக்கத்தில் ஒரு போட்டோவுக்கு நிற்க வேண்டும்.

"அன்னைக்கு மட்டும் ஒண்ணும் பேசிடாதீங்கம்மா. நல்லபடியா முடியட்டும். அப்புறம் நானே மேல எடுத்துச் சொல்றேன்."

"நல்லா ஓடுதுன்னு காட்டிப்புட்டு, அப்புறம் ஓடலன்னு எப்பிடி சார் சொல்லுவீக?"

டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

வீட்டில் ஈஸ்வரபாண்டியோடு அதைவிடப் பெரிய தகராறு. டெல்லிக்காரன் தன் மோட்டாரைப் பார்க்க வருகிறான் என்பதிலேயே அவன் மிதந்துகொண்டிருந்தான். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைக்கச் சொன்னான். உப்பில்லாத கஞ்சியை அவன் முன்னால் வைத்துவிட்டு மாரீஸ்வரி ஜெபா சொன்னதையெல்லாம் சொன்னாள். அவன் பாதிதான் கேட்டான்.

"நான் சுத்துன காயிலு. பத்து வருசம் ஓடும். நீ சும்மா கெட."

"மோட்டாரு ஓடும். ஊசி யாரு போடுவா? நீங்களே போட்டுக்கிருவீகளா?"

"அதெல்லாம் ஆளு போடுவாக."

"அம்புட்டு நல்லவுகளா இருந்தா மொக்கம்மா எதுக்குச் செத்தா? நீங்க ஸ்பேனரப் பிடிச்சுக்கிட்டு பல்லக் காட்டுங்க. அடுத்த மாசம் உங்கள எந்த பஸ்ஸுல தூக்கிப் போட்டுக் கொண்டுபோகன்னு நான் பாக்குறேன்."

அவன் கஞ்சியைத் தள்ளி வைத்தான். அவள் திரும்ப முன்னால் தள்ளினாள். வீம்புக்குக் கஞ்சியை விட்டால் நாளைக்கு யார் பார்ப்பது? கடைசியில் குடித்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு குடித்தான்.

புதன்கிழமை அவள் தோட்டத்துக்குப் போனாள். பன்னீர் திராட்சைக் கொடி தளிர்த்து நின்றது. பந்தலுக்கு அடியில் அண்ணாந்தபடி தளிரை வளைத்துக் கம்பியில் கட்டுகிற வேலை. கழுத்து இற்றுப்போகும். சாரல் கண்ணில் விழும். கை தானாகக் கட்டிக்கொண்டிருக்க, அவளுக்குச் செத்துப்போன அப்பாவின் ஞாபகம் வந்தது. அவர் ஆயக்கட்டில் நீர்பாய்ச்சி. யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்பது அவர் கையில். முறை தப்பித் தண்ணீர் போய், மேல்மடைக்காரனும் கீழ்மடைக்காரனும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றால் அவர் யார் பக்கமும் பேசமாட்டார். நேரே போய் மடையை அடைத்து, அதன் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். இரண்டு பேர் வயலும் காயும். பேசித் தீர்த்துவிட்டு வந்து சொன்னால்தான் பலகை வெளியே வரும். தண்ணீர் ஓடுகிற வரைக்கும் எவனும் பேச வரமாட்டான் என்பது அவருக்குத் தெரியும்.  

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி கல்யாண வீடாக இருந்தது. வாசலில் கலர்ப் பொடிக் கோலம். பன்னீர்ச் செம்பு. 'மக்கள் பங்களிப்பில் ஒரு முன்மாதிரி' என்று பிளக்ஸ் பேனர். அதில் ஈஸ்வரபாண்டி பொன்னாடையோடு சிரித்துக்கொண்டிருந்தான். அம்மாவாசி, வைகுண்டராஜ் அண்ணாச்சி, இன்னொருவர் என்று முதல் ஷிப்டுக்காரர்கள் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெபா மிஷின்களைப் போட்டுவிட்டு ஒவ்வொன்றும் தன்னைத்தானே சோதித்துக்கொள்வதற்குக் காத்திருந்தாள்.

"யாருக்காச்சும் ஊசி போட்டுட்டியா பாப்பா?" என்று மாரீஸ்வரி கேட்டாள்.

"இன்னும் இல்லக்கா. அவுக வந்து பாத்த பெறகு போடச் சொல்லிருக்காக."

"போட்டுறாத. நான் சொல்ற வரைக்கும் போட்டுறாத."

ஜெபா ஏன் என்று கேட்கவில்லை. அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தாள்.

மாரீஸ்வரி புருஷனுடைய பையிலிருந்து பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். கொட்டகையில் மோட்டார் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவளும் சேர்ந்து ஓடவைத்ததுதான். மிஷினுக்குப் போகிற குழாயின் வால்வை மூடினாள். கைப்பிடியின் நட்டைக் கழற்றி, கைப்பிடியை உருவி மடியில் கட்டிக்கொண்டாள். திரும்பி வந்து ஈஸ்வரபாண்டியின் கட்டிலோரம் நின்றாள்.

வாசலில் கார்க் கதவுகள் சாத்துகிற சத்தம் கேட்டபோது முதல் மிஷின் கத்தியது. அப்புறம் இரண்டாவது. டெல்லிக்காரர்கள் இரண்டு ஆணும் ஒரு பெண்ணுமாக, நெற்றியில் சந்தனத்தோடு உள்ளே வந்தபோது நாலும் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு கத்திக்கொண்டிருந்தன. டாக்டர் சசிதரன் ஓடி வந்தார். ஜெபா, தண்ணீர் வரவில்லை என்றாள். மாவட்ட அதிகாரி சிரித்த முகம் மாறாமல் பல்லைக் கடித்து டாக்டரிடம் ஏதோ சொன்னார். ஆள் ஒருவன் கொட்டகைக்கு ஓடிப்போய், வால்வில் கைப்பிடியைக் காணோம் என்று கத்திக்கொண்டு திரும்பினான்.

"எங்கிட்டத்தான் இருக்கு" என்றாள் மாரீஸ்வரி.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஈஸ்வரபாண்டியும் பார்த்தான்.

அவள் யாரைப் பார்த்துப் பேசுவது என்று தெரியாமல் டெல்லிக்காரப் பெண்ணைப் பார்த்தே பேசினாள். அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது என்பது அவளுக்கும் தெரியும். இந்த மோட்டார் ஆஸ்பத்திரி மோட்டார் இல்லை, சீக்காளி சுற்றியது. இந்த மெம்பரேன் சீக்காளி வாங்கியது. இந்தப் பெண் சம்பளமில்லாமல் நிற்கிறது, அடுத்த மாதம் அதுவும் இல்லை. ஒருத்தி செத்துவிட்டாள். இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள் என்று கேட்டாள். நடுவில் குரல் உடைந்தது. அழுகை இல்லை, ஆங்காரம். மாவட்ட அதிகாரி அதை அந்த அம்மாளுக்கு இங்கிலீஷில் சொன்னார். அவள் பேசியது அத்தனை. அவர் சொன்னது ஒரு வரி. ஜெபா குறுக்கே வந்து, சார் முழுசும் சொல்லவில்லை என்று தானே இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தாள். அவர் ஜெபாவை முறைத்தார். ஜெபா நிறுத்தவில்லை. இழக்க அவளுக்கு அங்கே என்ன இருந்தது?

அரசாங்கச் சொத்தைச் சேதம் செய்ததற்குப் போலீஸைக் கூப்பிடுவேன் என்றார் அதிகாரி. கூப்பிடுங்கள் என்றாள் மாரீஸ்வரி. ஆனால் அடுத்த கட்டிலில் அம்மாவாசிக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்திருந்தது. செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் ஏறிய நீர் அத்தனையும் அவர் காலில் நின்றது.

"ஆத்தா, தெறந்து விட்ரு ஆத்தா. எனக்கு ஆகல" என்றார்.

அவள் கை மடிக்குப் போய்விட்டது. அப்பா அடைத்தது வயல் மடை. வயல் இரண்டு நாள் தாங்கும். மனுஷன் தாங்குவானா என்று அவள் யோசிக்கவில்லை. பாவி, யோசிக்காமல் வந்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அப்போது மாவட்ட அதிகாரிக்கு ஒரு யோசனை வந்தது. பேனரில் சிரிக்கிற ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிறானே. கைப்பிடி எதற்கு, ஒரு ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் வால்வு திறந்துவிடாதா?

"பாண்டி, நீங்கதானே இங்க மெக்கானிக்? போய்ச் சரி பண்ணுங்க. இவங்க பேசுறதப் பெருசு பண்ண வேண்டாம்."

ஈஸ்வரபாண்டி எழுந்தான். பையைத் திறந்து பெரிய ஸ்பேனரை எடுத்தான். இரண்டு நிமிஷ வேலை என்பது மாரீஸ்வரிக்குத் தெரியும். அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். போனால் போகட்டும், அம்மாவாசி மாமா பிழைக்கட்டும் என்றும் இருந்தது. போகாதே மனுஷா என்றும் இருந்தது.

அவன் அம்மாவாசியிடம் போனான்.

"மாமா, இன்னும் ஒரு பத்து நிமிசம் தாங்குவீகளா?"

அம்மாவாசி அவன் கையைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார். ஜெபா ஓடிவந்து அவரைச் சாய்த்து உட்காரவைத்து ஆக்ஸிஜன் மாட்டினாள்.

ஈஸ்வரபாண்டி ஸ்பேனரைக் கொண்டுபோய் மாவட்ட அதிகாரியின் கையில் கொடுத்தான். திரும்பி வந்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையின் இடது கையைச் சுருட்டிவிட்டு, கட்டிலில் படுத்து அந்தக் கையை நீட்டினான்.

"நான் இங்கன மெக்கானிக்கு இல்ல சார். சீக்காளி. மெக்கானிக்க நீங்க போட்டுத் தாங்க."

மிஷின்கள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. அதிகாரி அந்த ஸ்பேனரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். அவன் என்ன சொன்னான் என்று டெல்லிக்காரப் பெண் ஜெபாவிடம் கேட்டாள். ஜெபா சொன்னாள். அவன் நீட்டியிருந்த கையை அந்த அம்மாள் பார்த்தாள். பிறகு அந்த மாதத்துப் படிவத்தை டாக்டரிடம் கேட்டு வாங்கி, மிஷின் ஓடுகிறதா என்ற இடத்தில் ஆம் என்றிருந்ததை அடித்துவிட்டு இல்லை என்று குறித்தாள். கூட வந்த இருவரும் அவளிடம் ஏதோ மறுத்துப் பேசினார்கள். அவள் கட்டத்துக்கு வெளியே, காகிதத்தின் ஓரத்தில், மூன்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதை ஜெபாவிடம் காட்டினாள். ஜெபா படித்துப் பார்த்து மாரீஸ்வரியைப் பார்த்துத் தலையசைத்தாள்.

அந்த நாலு வரி டெல்லி வரைக்கும் போகுமா, போனால் எந்த மேஜையில் எந்தக் கட்டின் அடியில் கிடக்கும், யார் கண்டது? மாரீஸ்வரி அதையெல்லாம் அப்போது யோசிக்கவில்லை. கொட்டகைக்கு ஓடினாள். நட்டைப் போடாமலே கைப்பிடியை வால்வில் செருகித் திருப்பிவிட்டு மறுபடி உருவிக்கொண்டாள். வால்வைத் திறந்ததும் குழாய் ஒரு உதறு உதறியது. உள்ளே ஒவ்வொரு மிஷினாகக் கத்துவதை நிறுத்தியது. ஜெபா முதல் ஊசியை அம்மாவாசிக்குப் போட்டாள்.

கார்கள் போன பிறகு டாக்டர் சசிதரன் கொட்டகை வாசலுக்கு வந்து நின்றார். பேனரை யாரோ சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பத்து நாள்ல எனக்கு மெமோ வரும்மா. இங்க மிஷின் ஏன் ஓடலன்னு கேட்டு."

"வரட்டும் சார். ஓடலன்னு அவுக கையாலயே எழுதி வருதுல்ல. அத வச்சு ஆளக் கேளுங்க."

டாக்டருக்குக் கோபம் வந்தது போலவும் இருந்தது, சிரிப்பு வந்தது போலவும் இருந்தது. கைப்பிடியை மாட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வார்டுக்குப் போனார்.

அவள் மாட்டவில்லை. வால்வு திறந்தே இருந்தது, தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கைப்பிடியை மடியில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்து, பொன்னாடையை எடுத்து மடித்து வைத்துவிட்டு, அது தொங்கிய ஆணியில் மாட்டினாள். வேலை உத்தரவோடு ஆள் வந்து கேட்டால் கொடுப்பாள்.